கம்ப்ரசர் டேங்கில் ஒரு ஓட்டை

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து மனைவியின் பிறந்த வீட்டிலிருந்து வந்த முதல் போன், கம்ப்ரசர் ரிப்பேருக்காக வந்தது.

போனை எடுத்தவள் மனைவிதான். "அண்ணனா? நீங்களாண்ணா?" என்று இரண்டு தரம் கேட்டாள். அதற்குப் பிறகு "ம்", "சரிண்ணா", "வரச் சொல்றேண்ணா" தவிர வேறு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. போனை வைத்துவிட்டு அறையின் நடுவில் நின்று மூக்கை உறிஞ்சினாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மெக்கானிக், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தான்.

"என்னடி, அம்மாவுக்கு ஏதாவதா?"

"அதெல்லாம் இல்லங்க. அண்ணன் வீட்டுக் கம்ப்ரசர் ஓட மாட்டேங்குதாம். உங்களை வந்து பாக்கச் சொல்றாரு. நானும் வரேன்."

"உன்னையும் வரச் சொன்னாரா?"

"சொல்லல. ஆனா வராதேன்னும் சொல்லலயே."

அவளுடைய அப்பா கடைசிவரை ஒரு அலுவலகத்தில் மேலாளராக இருந்தவர். கையில் கிரீஸ் பட்ட ஆள் யாரும் அந்த வீட்டுக் கூடத்தை மிதித்ததில்லை. கம்ப்ரசர் சர்வீஸ் பட்டறையில் வேலை பார்ப்பவனை மகள் கட்டிக்கொண்டு போனதும், அந்த வீட்டார் அவனுக்கு வைத்த பேர் 'காத்தடிக்கிறவன்'. காலம் போன போக்கில் அண்ணன் வேலை பார்த்த அலுவலகமே மூடிப்போனது. அவர் கார் ஷெட்டில் ஒரு கம்ப்ரசரை வாங்கி வைத்துக்கொண்டு கதவுகளுக்கும் அலமாரிகளுக்கும் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கத் தொடங்கினார். அதைப் பெயின்ட் வேலை என்று யாராவது சொல்லிவிட்டால் அவர் முகம் சுண்டிப்போகும். 'ஃபினிஷிங்' என்று சொல்ல வேண்டும். ஆக, மச்சானும் காற்றடித்துத்தான் பிழைத்தார். அதை அவரிடம் எடுத்துச் சொல்லத்தான் அந்த வீட்டில் ஆள் இல்லை.

பட்டறை வேனில் போனார்கள். மனைவி இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, அம்மாவுக்கு வாங்கிய பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி வந்தாள். கேட்டுக்கு அண்ணிதான் வந்தாள். நாத்தனாரைத் தோளில் கைபோட்டு வாசல் வழியாக உள்ளே கூட்டிக்கொண்டாள். மெக்கானிக்கைப் பார்த்து, "நீங்க அந்தப் பக்கக் கேட் வழியா வந்துடுங்க. சாமான் இறக்க உங்களுக்கும் வசதியா இருக்கும்" என்றாள். அவன் சௌகரியத்துக்காகச் சொன்னது போலவே இருந்தது.

பக்கக் கேட் நேராக ஷெட்டுக்குப் போனது. சுவர் ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு கதவுகள் பாதி வெள்ளையும் பாதி மரமுமாகச் சாய்ந்து நின்றன. தின்னர் நெடி கண்ணைக் கரித்தது. மச்சான் முகமூடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன பண்ணுது மச்சான்?"

"என்ன பண்ணுதா? ஒண்ணும் பண்ணல. அதனாலதான கூப்பிட்டேன்" என்றார். 'மாப்ள' என்று வாயில் வரவில்லை. 'வாங்க' என்றும் வரவில்லை.

கம்ப்ரசர் உள்சுவரை ஒட்டி இருந்தது. ஐம்பது லிட்டர் டேங்க், படுக்கைவாட்டம். அதற்கும் அவர் கையாலேயே நீலப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியாரின் அறை. மேலே ஒரு காற்றுத் துவாரம். அதன் வழியாக மனைவியின் குரல் கேட்டது. "அம்மா, நான்தாம்மா. கண்ணைத் தொறந்து பாரும்மா." அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேர் அழும் சத்தம் கேட்டது.

அவன் வேலையைத் தொடங்கினான். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியது. சுற்றவில்லை. இரண்டு நொடியில் வீட்டு ஃப்யூஸ் பாக்ஸில் பிரேக்கர் விழுந்தது. வயரைப் பார்த்தான். ஷெட்டின் அந்த மூலையிலிருந்து மேசை விளக்குக்குப் போடுகிற மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் இழுத்திருந்தார்கள். அதைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் சொருகினான். அப்போதும் முனகல்தான். டேங்கிலிருந்த காற்றையெல்லாம் திறந்துவிட்டு மறுபடி போட்டான். ஒரே உதறலில் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

"ஓடுதே!" என்றார் மச்சான்.

"காலி டேங்க்ல ஓடும் மச்சான். ஏறினப்புறம் நின்னு மறுபடி ஓடணும். அங்கதான் மக்கர்."

அழுத்தம் காட்டும் கேஜின் முள் ஏறி மோட்டார் தானாக நின்றது. நின்ற பிறகும் பிரஷர் சுவிட்சுக்கு அடியிலிருந்து 'ஸ்ஸ்' என்று காற்று போய்க்கொண்டே இருந்தது. அவனுக்கு அது போதும். டேங்குக்குள் போன காற்று திரும்பி மோட்டார் பக்கம் வராமல் தடுக்க ஒரு சின்ன வால்வு உண்டு. அது மூடவில்லை. காற்று பின்னால் வந்து பிஸ்டனை அழுத்திக்கொண்டிருந்தால் மோட்டார் எங்கே கிளம்பும்? மறுபடி காற்றை விட்டுவிட்டு அந்த வால்வைக் கழற்றினான். உள்ளே ரப்பர் கருகி, கரித்துண்டு ஒன்று இடுக்கில் உட்கார்ந்திருந்தது. பெட்டியிலிருந்து புது வால்வை எடுத்துப் போட்டான். ஏறியது, நின்றது, தட்டியதும் மறுபடி கிளம்பியது. மொத்தமாக ஒரு மணி நேரம் ஆகவில்லை.

அங்கேயே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில்கூட அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டு நாளாயிற்று. எழுந்திருக்கத்தான் போனான். அப்போது கேஜ் கண்ணில் பட்டது. எட்டில் நிற்க வேண்டிய முள் பத்தரையில் நின்றது.

"இதை யாரு ஏத்தி வெச்சது?"

"நான்தான். எட்டு பத்தல. பெரிய கதவுக்கு இழுக்குது."

அழுத்தம் மிஞ்சினால் காற்றைத் தானாக வெளியே விடுகிற சேஃப்டி வால்வைத் தேடினான். அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட் இருந்தது. சுற்றிலும் வெள்ளை டேப் சுற்றி இறுக்கி, அதன்மேலும் நீலப் பெயின்ட்.

"அது சும்மா சும்மா காத்தை விட்டுக்கிட்டே இருந்துச்சு. நச்சுப் புடிச்ச மாதிரி. அடைச்சுட்டேன்" என்றார் மச்சான், தானே கண்டுபிடித்த வைத்தியத்தைச் சொல்கிறவர் மாதிரி.

மெக்கானிக் வாளியில் சோப்பு நுரை கரைத்து டேங்கின் அடிவயிற்றில் தடவினான். டேங்கைத் தாங்கும் கால் பட்டை ஒட்டியிருந்த இடத்தில் கடுகளவு குமிழி ஒன்று எழுந்து உடைந்தது. மறுபடி எழுந்தது. மோட்டாரை நிறுத்தி, காற்றை முழுக்க இறக்கிவிட்டு, அடியில் தண்ணீர் வடிக்கிற திருகைத் தேடினான். பெயின்ட் மூடியிருந்ததில் அது இருப்பதே தெரியவில்லை. சுரண்டி, ஸ்பானர் போட்டு, உடம்பு பாரத்தையெல்லாம் கொடுத்துத் திருப்பினான். பழைய காபி நிறத்தில் தண்ணீர் கொட்டியது. வாளி பாதி நிறைந்த பிறகு தண்ணீர் நின்று, துருச் செதில்கள் பொலபொலவென்று விழுந்தன.

"எத்தன வருஷமா இதைத் தொறக்கல?"

"தொறக்கணும்னு யாரு சொன்னா?"

சுத்தியலின் மரப் பிடியால் டேங்கை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தான். மேலே கணீரென்றது. அடியில் ஈர அட்டைப்பெட்டியைத் தட்டியது போல இருந்தது. இவ்வளவு நேரமும் தன் இரண்டு முழங்கால்களும் அந்த அடிவயிற்றை ஒட்டித்தான் இருந்தன என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பட்டறையில் வெடித்த டேங்க் ஒன்றைப் பார்த்திருக்கிறான். பூட்டிய இரும்புக் கதவையே வாசலுக்கு வெளியே தூக்கிப் போட்டிருந்தது. அங்கே நல்லவேளையாக ஆள் இல்லை. இங்கே கைக்கெட்டும் தூரத்தில் மச்சான் நிற்பார். ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியாரின் கட்டில்.

"மச்சான், இதை இனிமே போடக்கூடாது. டேங்க் போச்சு."

"இப்போதான ஓடுச்சு?"

"ஓடுறது மோட்டார். நான் சொல்றது டேங்க். உள்ள அரிச்சுப் போயிருக்கு. சேஃப்டியும் இல்ல. வெடிச்சா இந்தச் சுவர் நிக்காது."

மச்சான் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நாளை மறுநாள் பன்னெண்டு கதவு கொடுக்கணும். நான் உன்னை மோட்டார் பாக்கத்தான் கூப்பிட்டேன். டேங்க்குக்கு ஜாதகம் பாக்கச் சொன்னேனா?"

"பட்டறையிலேர்ந்து வேற மெஷின் கொண்டாந்து தரேன். கதவு முடியற வரைக்கும் வெச்சுக்குங்க."

"உன் மெஷின்ல நான் வேலை பாக்கணுமா?" அவர் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "இந்தா, உன் வீட்டுக்காரரு என்னவோ சொல்றாரு, வந்து கேளு!"

மனைவி வந்தாள். அழுது சிவந்த கண், சிரித்து மலர்ந்த முகம், கையில் பாதி உரித்த பழம். அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள். அண்ணன் முகத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"ஏங்க, அண்ணன்தான் அப்புறமா மாத்திக்கிறேங்கிறாரே. இந்தக் கதவு மட்டும் முடியட்டுமே." 'இன்றைக்கு ஒரு நாள் எனக்காக' என்று அவள் கண் கெஞ்சியது. அவன் கண்ணை எடுத்துக்கொண்டான்.

அதற்குள் மச்சானுக்குப் போன் வந்தது. "ரெடியாயிடுச்சுங்க, ஒண்ணும் பிரச்சினை இல்ல, சாயங்காலமே அடிச்சுடுறேன்" என்று பேசிக்கொண்டே உள்ளே போனார். மனைவியும் அம்மாவிடம் திரும்பினாள். ஷெட்டில் அவனும் டேங்கும் மட்டும் இருந்தார்கள்.

சொல்லிப் பார்த்தாயிற்று. வயரைப் பிடுங்கிப் போட்டால் வேறு வயர் போடுவார். வால்வைக் கழற்றிக்கொண்டு போனால் கடையில் வாங்கி மாட்டுவார். சாயங்காலம் அடித்துவிடுவார். மெக்கானிக் டிரில்லை எடுத்தான். டேங்கின் அடியில், குமிழி எழுந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தான். இரும்பில் போகிற மாதிரி போகவில்லை. அழுத்துவதற்கு முன்பே உள்ளே விழுந்தது. சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை.

டிரில் சத்தத்துக்கு மச்சான் ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு அவர் கத்தியதில் தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

"வேணும்னே பண்ணியிருக்கான்! ஒன்பது வருஷமா மனசுல வெச்சுக்கிட்டிருந்து பழி தீத்துட்டான்! நான் நாலு காசு பாக்கறது பொறுக்கல. பொறாமை புடிச்சவனே, வெளிய போடா! உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போ!"

அண்ணி வாயில் கைவைத்து நின்றாள். உள்ளேயிருந்து மாமியார், "யாரு? என்ன சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குப் பதில் சொல்லக்கூட மகளை விடவில்லை.

வேனில் பாதித் தூரம் போன பிறகு மனைவி சொன்னாள்: "எங்கம்மா ஒரு பழம் முழுசா சாப்பிட்டு முடிக்கல."

"வெடிச்சிருந்தா உங்கம்மா மேலதான் முதல்ல விழும்."

"அதுக்கு ஓட்டைதான் போடணுமா? வாயால சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே!"

"உங்க வாய் எங்க வீட்டுல எடுபடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? என்னைக் கூப்பிட்டு, 'நீ போய் அண்ணன் கால்ல விழுந்து அழு'ன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன்ல? உங்களுக்கு உங்க தொழில் பெருசு. அவ்வளவுதான்."

அவளை அழச் சொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அது அவள் சொன்ன பிறகுதான் தோன்றியது.

மூன்று வாரம் கழித்து அண்ணி போன் செய்தாள். வேறு ஒரு ஆள் வந்து ஓட்டையின் மேல் தகடு வைத்து வெல்டு அடித்துவிட்டுப் போனானாம். கம்ப்ரசர் அருமையாக ஓடுகிறதாம். அம்மா மகளைக் கேட்டு நச்சரிக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். தனியாக.

"வெல்டு அடிச்சானா? அந்த டேங்க்லயா?" என்று மெக்கானிக் தலையில் கைவைத்தான்.

"அடிச்சா என்ன? ஓடுதாம்ல?"

ஞாயிற்றுக்கிழமை போனாள். அடுத்த வாரமும் போனாள். வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே, அவன் கேட்காமலேயே சொல்வாள்: "ஓடிட்டுத்தான் இருக்கு." முதல் மாதம் அதைக் குத்தலாகச் சொன்னாள். பிறகு வழக்கமாகச் சொன்னாள். அங்கே இதை வைத்து ஒரு வேடிக்கையே நடந்தது. கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் மச்சான், "எல்லாரும் காதைப் பொத்திக்குங்க, வெடிக்கப் போவுது!" என்பாராம். அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பாளாம். மனைவி அதையும் அவனிடம் வந்து சொன்னாள். சிரிக்காமல்தான் சொன்னாள். ஆனால் அங்கே சிரித்திருப்பாள் என்று அவனுக்குப் பட்டது.

அவள் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. "பஸ்ஸுக்கு ஏன் நிக்கணும், நான் கொண்டுபோய் விடறேன்" என்று வேனை எடுத்தான். அவளை இறக்கிவிட்டுத் தெருமுனையில் நிறுத்திக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பான். பகல் முழுக்க ஷெட்டிலிருந்து சத்தம் வரும். கடகடவென்று ஓடும், ஏற ஏறக் குரல் கனக்கும், அவன் நொடிகளை எண்ணத் தொடங்குவான். நூற்றிருபது, நூற்று முப்பது, நூற்று நாற்பது. 'டப்' என்று நிற்கும். மூச்சை விடுவான். ஐந்து நிமிடத்தில் மறுபடி ஓடும். சம்மணம் போட்டு உட்கார்ந்து ஜபம் பண்ணுகிறவன்கூட அத்தனை கவனமாக எண்ண மாட்டான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. சத்தம் நூற்று நாற்பதைத் தாண்டியது. நூற்று ஐம்பது. நூற்று அறுபது. முள்ளை இன்னும் ஏற்றி வைத்திருக்கிறார். அப்போது அவன் மனத்தில் ஒரு வார்த்தை வந்தது: வெடிக்கட்டும். இப்போது வெடித்தால் தெரியும், யார் சொன்னது சரி என்று.

'டப்' என்று நின்றது. அந்த நொடியில் அவனுக்கு வந்தது நிம்மதி இல்லை. ஏமாற்றம்.

அவன் மனைவி உள்ளே இருந்தாள். அந்தச் சுவருக்குப் பக்கத்தில், அம்மாவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பாள். அது தெரிந்தேதான் அவன் அப்படி நினைத்தான். வேறு யாரும் அவன் மண்டைக்குள் புகுந்து நினைத்துவிட்டுப் போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தான். பிறகு வேனைவிட்டு இறங்கித் தெருமுனைக் குழாயில் முகத்தைக் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் பட்டறையில் முதலாளியிடம் போனான். மோட்டார் எரிந்துபோன கம்ப்ரசர் ஒன்று மூலையில் கிடந்தது. டேங்க் அதே அளவு. "அதை நான் எடுத்துக்கறேன்" என்றான். "எதுக்குடா?" என்றார் முதலாளி. அவன் சொல்லவில்லை. அவரும் துருவவில்லை. டேங்கை நிறையத் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிச் சோதித்தான். தண்ணீரில் ஏற்றினால் பிய்ந்தாலும் பீச்சுவதோடு போய்விடும். பதினைந்து வரை ஏற்றினான். ஒரு சொட்டு கசியவில்லை. புது சேஃப்டி வால்வு போட்டான். தண்ணீர் வடிக்கிற திருகுக்குக் கையால் திருப்புகிற மாதிரி பெரிய பிடி வைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியை இறக்கிவிட்டுத் தானும் இறங்கினான். "நீங்க எங்க?" என்று பதறினாள். அவன் பக்கக் கேட்டுக்குப் போகவில்லை. நேராக வாசல் வழியாகக் கூடத்துக்குப் போய் நின்றான்.

மச்சான் பேப்பரை மடித்தார். "என்ன?"

"டேங்க் கொண்டாந்திருக்கேன் மச்சான். மாத்திட்டுப் போயிடறேன்."

"எங்க டேங்க் நல்லாத்தான் இருக்கு."

"இல்ல, அது வந்து, வெல்டு அடிச்ச இடத்துக்குப் பக்கத்துல..."

"திரும்ப ஆரம்பிச்சுட்டியா? நாலு மாசமா ஓடுது. நீ சொன்னது பொய்யின்னு ஊருக்கே தெரியும். இன்னும் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வந்து நிக்கற?"

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டான். டேங்க் கெட்டது என்று அவன் சொல்கிறவரை இந்த மனிதர் அதைத் தொட விடமாட்டார் என்பது அவனுக்கு அங்கே நின்ற நிலையில் புரிந்தது. விட்டால், தான் நான்கு மாதம் அம்மாவின் தலைமாட்டில் ஒரு வெடியை வைத்திருந்ததாக அவரே ஒத்துக்கொண்டது போல ஆகும். அது அவரால் ஆகாது. அப்படியானால் ஒத்துக்கொள்ள வேறு ஆள் வேண்டும்.

"ஏன் பண்ணே?" என்றார் மச்சான். "அன்னிக்கு அந்த ஓட்டையை ஏன் போட்டே? அதை மட்டும் சொல்லு."

கூடத்தில் அண்ணி நின்றாள். மனைவி அம்மாவின் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பொறாமைதான் மச்சான்" என்றான் மெக்கானிக். ஒரு தரம் சொன்ன பிறகு மற்றது தானாக வந்தது. "பக்கக் கேட் வழியா வரச் சொன்னது மனசுல உறுத்திச்சு. நீங்க வீட்டுல இருந்துகிட்டே சொந்தமா தொழில் பண்றீங்க, நான் இன்னும் இன்னொருத்தன் பட்டறையில. பொறுக்கல. பண்ணிட்டேன். தப்புதான். கெடுத்தவன் நான், நானே மாத்திக் கொடுத்துடறேன். மறுக்காதீங்க."

மச்சான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒவ்வொரு சுருக்கமாக அவிழ்ந்தது.

"இதை அன்னிக்கே ஒத்துக்கிட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா? தப்பு பண்ணாத மனுஷன் யாரு?" அண்ணி பக்கம் திரும்பினார். "மாப்ளைக்குக் காபி போடு."

மாப்ள. ஒன்பது வருடத்தில் முதல் தரம். காபியை நின்றுகொண்டே குடித்தான். அதில் சர்க்கரை இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிறகு ஷெட்டுக்குப் போய்ப் பழைய டேங்கிலிருந்து காற்றை இறக்கி, மோட்டாரை அவிழ்த்து, புது டேங்கில் ஏற்றி, எட்டில் நிற்கும்படி சுவிட்சை வைத்து ஓட்டிக் காட்டினான். எட்டுக்கு மேல் ஏற்றினால் சேஃப்டி வால்வு கத்தும், அதை அடைக்கக்கூடாது, வாரம் ஒரு தரம் தண்ணீரை வடிக்க வேண்டும் என்று சொன்னான். இந்தத் தடவை மச்சான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பெருந்தன்மையான மனிதராக இருப்பது அன்றைக்கு அவருக்குச் சிரமமாக இல்லை. கிளம்பும்போது மாமியார் கட்டிலிலிருந்தபடியே கூப்பிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "உண்மையை ஒத்துக்கிட்டியே தம்பி, அது போதும்" என்றார்.

பழைய டேங்கை வேனின் பின்னால் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் அது உருண்டு போய் மோதியது. மனைவி அவன் கைமேல் கை வைத்தாள். வைத்து எத்தனையோ மாதம்.

"ஒண்ணு சொல்லட்டுமா? இத்தன நாளா எனக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துச்சுங்க. ஒருவேளை நீங்க சொன்னதுதான் நிஜமோ, நாமதான் அநியாயமா பேசிட்டோமோன்னு. ராவெல்லாம் தூக்கம் வராது. இப்போ தெளிஞ்சுடுச்சு."

"இல்ல, நான் அங்க சொன்னது வந்து..."

"வேணாங்க. ஒத்துக்கிட்டதைத் திரும்ப மாத்தாதீங்க. பொறாமை எல்லாருக்கும் வரதுதான். நான் மனசுல வெச்சுக்க மாட்டேன்." பின்னால் டேங்க் மறுபடி மோதியது. "முதல்ல அந்தச் சனியனைக் கொண்டுபோய் எங்கயாவது போடுங்க."

வழியில் பழைய இரும்புக் கடை இருந்தது. அவன் டேங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். மூடிய டேங்கைக் கடைக்காரர் அப்படியே வாங்க மாட்டார். பிளந்து பார்த்துத்தான் எடுப்பார். தரையில் உருட்டிப் போட்டுக் கிரைண்டரை வைத்தார். அடிப்பக்கத்தில் வெட்டக் கிரைண்டருக்கு வேலையே இருக்கவில்லை. பிளந்த வயிற்றைத் திருப்பிப் போட்டு வெல்டு அடித்த தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். தகடு அசையவில்லை. அதைச் சுற்றியிருந்த இரும்பு அப்பளம் மாதிரி நொறுங்கி, தகடு தனியாகக் கீழே விழுந்தது.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அண்ணே, இதுலயா காத்து அடிச்சாங்க?"

"ஆமா."

"எவ்வளவு ஏத்துனாங்க?"

"பத்து. பத்துக்கு மேல."

"ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க."

அவர் உச்சுக்கொட்டிக்கொண்டு ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஊசித் துளைகளின் வழியாக வெயில் புள்ளி புள்ளியாக அவர் கையில் விழுந்தது. மெக்கானிக் வேனைத் திரும்பிப் பார்த்தான். இருபது அடிதான். மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். தலையைச் சாய்த்துச் சிரித்தாள். கூப்பிட்டால் இறங்கி வருவாள். அந்தத் துண்டைக் கையில் கொடுத்தால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பார்த்த பிறகு அவள் அண்ணனோடு எப்படிப் பேசுவாள்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்துக்குள் எந்த முகத்தோடு நுழைவாள்? எடுத்து நீட்டவும் கை வரவில்லை, விட்டுவிட்டுப் போகவும் கால் வரவில்லை. பிறகு கையிலிருந்த துருவைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போய் வேனில் ஏறினான்.

மனைவி போனைக் கையால் பொத்திக்கொண்டு, "என்ன இவ்வளவு நேரம்? அந்த ஆளு என்ன சொன்னான்?" என்றாள்.

"நல்ல கனமா இருக்குன்னான்."

"ஒண்ணுமில்ல அண்ணி, இவர்தான், நீங்க சொல்லுங்க" என்று அவள் மறுபடி போனைக் காதில் வைத்தாள். அவன் வண்டியைக் கிளப்பினான்.